இ-ரீடரில் தமிழ் படிக்க: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

மின்னூல் படிப்பதற்கென்றே இருக்கும் இ-ரீடர் கருவியை வாங்கலாமா என்று யோசிப்பவர்களும், வாங்கிவிட்டு "தமிழ் சரியா வரலையே" என்று வருபவர்களும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறோம். இங்கே அதிகம் புழங்குவது அமேசானின் கிண்டில் என்பதால் உதாரணங்களும் பெரும்பாலும் அதிலிருந்தே. ஏற்கெனவே கையில் வைத்திருப்பவர்கள் நேராக 6-ஆம் கேள்விக்குப் போய்விடலாம்.

1. போன்லயே படிக்கலாமே, இதுக்குன்னு தனியா எதுக்குக் காசு?

தினம் பத்து நிமிடம் படிப்பவர் என்றால் போனே போதும், வாங்க வேண்டாம். ஒரு மணி நேரம் இடத்தை விட்டு எழாமல் படிக்கிற பழக்கம் இருந்தால்தான் இந்தக் கருவிக்கு வேலை. வெயிலில் மொட்டை மாடியில் உட்கார்ந்தாலும் எழுத்து தெளிவாகத் தெரியும். எடை 160 முதல் 210 கிராம்; படுத்துக்கொண்டே ஒரு கையில் பிடிக்கலாம். 800 பக்க நாவலை அப்படிப் பிடித்துப் பாருங்கள், வித்தியாசம் மணிக்கட்டுக்குத் தெரியும்.

பெரிய லாபம் வேறு. அத்தியாயத்தின் நடுவில் வாட்ஸ்அப் வந்து குதிக்காது. இதில் உலாவி இருந்தாலும் அது நகர்கிற வேகத்துக்கு யாரும் அதில் நேரத்தைத் தொலைக்க மாட்டார்கள். இந்த மந்தம் ஒரு குறைதான். ஆனால் விரும்பி வாங்குகிற குறை.

2. ஸ்க்ரீன் பேப்பர் மாதிரியே இருக்குமாமே, அது எப்படி?

திரைக்குள் தலைமுடியின் தடிமன் அளவில் லட்சக்கணக்கான நுண்குமிழ்கள். ஒவ்வொன்றிலும் கறுப்பு, வெள்ளைத் துகள்கள், எதிரெதிர் மின்னேற்றத்தோடு. கீழிருந்து மின்னழுத்தம் கொடுத்தால் ஒரு நிறம் மேலே வரும், இன்னொன்று அடியில் போகும். போன இடத்தில் அப்படியே நிற்கும். நிற்பதற்கு மின்சாரம் வேண்டாம். சார்ஜ் முழுக்கத் தீர்ந்த கருவியிலும் ஒரு படம் தெரிவது இதனால்தான்.

திரை தானாக ஒளிராது, காகிதத்தைப் போல வெளிச்சத்தைப் பிரதிபலிக்கும். இருட்டில் படிக்க விளிம்பில் சிறு எல்இடிகள் இருக்கின்றன. அவற்றின் ஒளி திரையின் மேல் படர்ந்து எழுத்தின் மீது விழுகிறது. கிண்டிலில் இந்த வசதி 2012-ல் பேப்பர்வைட் மாதிரியோடு வந்தது. பக்கம் திருப்பும்போது சில நேரம் திரை ஒரு கணம் முழுக்கக் கறுத்து வெளுக்கும். அது பழுதில்லை, முந்தைய பக்கத்தின் நிழலைத் துடைக்கிற வேலை. நிழல் அதிகம் தெரிந்தால் அமைப்புகளில் 'பேஜ் ரெஃப்ரெஷ்' என்பதைப் போட்டுவிடுங்கள்.

3. அப்போ கண்ணுக்கு நல்லதுன்னு எடுத்துக்கலாமா?

மருந்து மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம். இருட்டறையில் விளக்கை முழுக்க ஏற்றி வைத்துப் படித்தால் இதிலும் கண் கூசும். வெளிச்சத்தை அறையின் அளவுக்குக் குறைத்து வைப்பதும், இரவில் மஞ்சள் ஒளிக்கு மாற்றுவதும் சுகமாக இருக்கும்.

உண்மையான பலன் வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு. எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கிக்கொள்ளலாம். மலிவுப் பதிப்புகளின் பொடி எழுத்தோடு மல்லாடி வாசிப்பையே விட்டவர்கள் இதனால் திரும்பி வருகிறார்கள். ஆனால் எல்லாக் கோப்பிலும் எழுத்து பெரிதாகாது. 10-ஆம் கேள்வியைப் பார்க்கவும்.

4. 6 இன்ச்சா, 7 இன்ச்சா, பெருசா? கலர் வேணுமா?

நாவல், சிறுகதை, கட்டுரை என்றால் 6 அல்லது 7 அங்குலம். 7 அங்குலத் திரை ஏறக்குறைய 107 × 142 மில்லிமீட்டர். கிரவுன் அளவுப் புத்தகத்தைவிட (சுமார் 12 × 18 சென்டிமீட்டர்) கொஞ்சம் சிறியது. ஸ்கேன் செய்த பழைய நூல்கள்தான் உங்கள் வாசிப்பு என்றால் 10 அங்குலத்துக்குக் கீழே யோசிக்க வேண்டாம்.

கலர் மாதிரிகளில் கறுப்பு எழுத்து அங்குலத்துக்கு 300 புள்ளிகள், வண்ணம் அதில் பாதி, 150. மேலே வண்ண வடிகட்டி இருப்பதால் பின்னணி சற்று மங்கிச் சாம்பல் பூத்திருக்கும். காமிக்ஸ் படிக்காதவர்களுக்கு அவசியமில்லை.

5. பத்து வாரம் சார்ஜ் நிக்கும்னு போட்டிருக்கு. எனக்கு ரெண்டு வாரம்கூட நிக்கலையே?

அந்த வரியின் கீழே பொடி எழுத்தில் இருப்பதையும் படிக்க வேண்டும். 11-ஆம் தலைமுறை பேப்பர்வைட்டுக்குச் சொன்ன பத்து வாரம் என்பது தினம் அரை மணி நேரம், வைஃபை அணைத்து, விளக்கு 13-ல் வைத்துப் படித்தால். கூட்டினால் 35 மணி நேரம். நீங்கள் தினம் இரண்டு மணி நேரம் படித்தால் 17 நாளில் முடிந்துவிடும். விளக்கைக் கூட்டினால், வைஃபையை விட்டுவைத்தால் இன்னும் குறையும். கணக்கு சரிதான், விளம்பரம்தான் சாமர்த்தியம்.

இரண்டே நாளில் தீர்கிறது என்றால் வேறு காரணம். ஒரே நேரத்தில் ஐம்பது நூறு புத்தகம் ஏற்றியிருந்தால், தேடலுக்காக ஒவ்வொன்றையும் கருவி அட்டவணைப்படுத்திக்கொண்டிருக்கும். ஓரிரு நாளில் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் ஏதோ ஒரு கெட்டுப்போன கோப்பில் சிக்கி நிற்கிறது. தேடலில் அர்த்தமற்ற ஒரு சொல்லைக் கொடுத்தால் இன்னும் அட்டவணையாகாத நூல்களைக் காட்டும். நாள்கணக்கில் அங்கேயே நிற்கும் நூலை நீக்குங்கள். பிறகு பவர் பொத்தானை 40 நொடி அழுத்திப் பிடித்து மறுதொடக்கம் செய்யுங்கள். படிக்காமல் வைப்பதானால் பாதி சார்ஜோடு வையுங்கள். சுத்தமாகத் தீர்ந்து மாதக்கணக்கில் கிடந்தால் பேட்டரி எழாமலே போகலாம்.

6. தமிழ்ப் புத்தகம் எங்கே கிடைக்கும்?

கிண்டில் கடையில் தமிழ் நூல்கள் 2016 டிசம்பரிலிருந்து விற்கின்றன. கிண்டில் அன்லிமிடெட் சந்தாவிலும் தமிழ் நிறைய உண்டு; ஒரே நேரத்தில் 20 நூல் எடுக்கலாம், சந்தா நின்றால் அவையும் போகும். ஆனால் அச்சில் வரும் எல்லாமே மின்னூலாகவும் வரும் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். உங்களுக்குப் பிடித்த ஐந்து எழுத்தாளர்களின் பெயரை முதலில் கடையில் தேடிப் பாருங்கள். இரண்டு பேராவது கிடைக்காவிட்டால் ஏமாற்றம்தான்.

இலவசமாக, சட்டப்படி: ஃப்ரீதமிழ்இபுக்ஸ் தளத்தில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வரும் நூல்கள் இபப், மோபி என்ற மின்னூல் வடிவங்களிலும் ஏ4 பிடிஎஃப், 6 அங்குல பிடிஎஃப் என்றும் கிடைக்கும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் முதல் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் வரை உண்டு. ஈழத்து நூல், இதழ், மலர்களுக்கு நூலகம் தளம். அரிய பழைய பதிப்புகளுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். கடைசி இரண்டிலும் கிடைப்பவை பெரும்பாலும் ஸ்கேன். அது தனிச் சிக்கல் (10).

7. இபப் ஃபைலை கேபிள் போட்டு உள்ளே காப்பி பண்ணேன். லைப்ரரில காட்டவே மாட்டேங்குது!

கிண்டில் இபப் கோப்பை நேரடியாகத் திறக்காது. 'சென்ட் டு கிண்டில்' (மின்னஞ்சலிலோ இணையப் பக்கத்திலோ கோப்பை அனுப்பும் சேவை) வழியாக அனுப்பினால் அமேசான் அதை மாற்றித் தரும். கேபிள்தான் வேண்டும் என்றால் கணினியில் காலிபர் என்ற இலவச மென்பொருளில் ஏஇசட்டபிள்யூ3 வடிவத்துக்கு மாற்றி, கருவியின் 'டாக்குமென்ட்ஸ்' உறைக்குள் போடுங்கள். கோபோ என்ற இன்னொரு இ-ரீடரில் இந்தத் தொல்லை இல்லை. இபப்தான் அதன் சொந்த வடிவம்.

கேபிள் போட்டும் கணினி கருவியையே காணவில்லை என்றால், அது சார்ஜ் மட்டும் ஏற்றுகிற கேபிளாக இருக்கலாம். பத்தில் ஐந்து புகார் இங்கேயே தீர்ந்துவிடும். 2024-ல் வந்த கிண்டில்கள் மேக் கணினியில் பென் டிரைவ் போலத் தோன்றாது, தனி மென்பொருள் வேண்டும்.

8. மெயில்ல அனுப்பினேன், வந்து சேரவே இல்ல.

மூன்றைப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல் முகவரி, அமேசான் கணக்கின் தனிப்பட்ட ஆவண அமைப்பில் அனுமதித்த முகவரிகளில் இருக்க வேண்டும். இணைப்பு 50 எம்பிக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் சென்ட் டு கிண்டில் இணையப் பக்கத்தில் 200 எம்பி வரை ஏற்றலாம். கருவியில் வைஃபை ஓடிக்கொண்டிருக்க வேண்டும். 5-ஆம் பதிலைப் படித்துவிட்டு வைஃபையை அணைத்தவர்கள் இதில் மாட்டுவார்கள்.

மோபி கோப்பை இப்போது ஏற்க மாட்டார்கள். பழைய வழிகாட்டிகளில் "மோபி அனுப்புங்கள்" என்று இருந்தால் இபப் என்று திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

9. புத்தகம் திறக்குது, ஆனா எழுத்தெல்லாம் கிறுக்கலா இருக்கு. கருவி கெட்டுப்போச்சா?

கருவி நன்றாக இருக்கிறது. எப்படிப்பட்ட கிறுக்கல் என்பதைக் கவனியுங்கள், நோய் தானாகப் பிடிபடும். எல்லாம் வெறும் கட்டம் கட்டமாக இருந்தால் எழுத்துருவில் தமிழ் இல்லை. கோபோ என்றால் உள் சேமிப்பகத்தின் முதல் அடுக்கில் 'ஃபான்ட்ஸ்' என்று ஓர் உறை உருவாக்கி, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவைப் போட்டு, புத்தகத்துக்குள் அதைத் தேர்ந்தெடுங்கள். வெறும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்தால் அது பாமினி போன்ற பழைய குறியேற்றம் (எழுத்தைக் கணினியில் குறிக்கும் முறை). 'தமிழ்' என்ற சொல்லே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று நிற்கும். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் உரையைக் கொடுத்து, இப்போதைய பொதுக் குறியேற்றமான யூனிகோடாக மாற்றிய பிறகே நூலாக்க வேண்டும்.

தலையில் சாய்கோடு போட்ட சின்ன 'ஏ' எழுத்து வரிசை வரிசையாக வருகிறதா? அது நல்ல யூனிகோடுதான். யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்றே. குறியேற்றம் இன்னதென்று கோப்பில் அறிவிக்காததால், கருவி அந்த மூன்றையும் மூன்று லத்தீன் எழுத்தாக வாசித்துவிடுகிறது. காலிபரில் இபப்பை மீண்டும் இபப்பாகவே மாற்றி அனுப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கடைசி வகை, எழுத்து தமிழ்தான், ஆனால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும்: 'கொ' என்பதில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய்விடும், புள்ளி தனி வட்டத்தின் மேல் மிதக்கும். படிக்கும் மென்பொருளுக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியவில்லை. கோபோவில் இப்படி வந்தால் கோப்பை அதன் தனி வடிவமான கேபப்புக்கு மாற்றிப் பாருங்கள்; அதைத் திறப்பது வேறு இயந்திரம். கேஓரீடர் என்ற வாசிப்புச் செயலியை நிறுவுவதும் நல்ல வழி. கிண்டிலில் அதை நிறுவ ஜெயில்பிரேக் (அமேசான் போட்ட பூட்டை உடைப்பது) வேண்டும், கோபோவில் வேண்டாம்.

10. ஸ்கேன் பண்ணின பிடிஎஃப் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. எழுத்தைப் பெருசாக்க முடியலையே?

பக்கமே ஒரு புகைப்படம் என்பதால் அதில் எழுத்து என்று தனியாக எதுவும் இல்லை. ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர், 6 அங்குலத் திரையின் அகலம் 91. பன்னிரண்டு புள்ளி (பாயின்ட்) அளவு எழுத்து ஐந்து புள்ளியாகச் சுருங்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவியானாலும் இந்தக் கணக்கு மாறாது.

பழைய தமிழ் நூல்களில் ஒரு நல்ல சேதி: பெரும்பாலானவை ஏ4 கிடையாது. கிரவுன் 1/8 என்றால் சுமார் 12 × 18 சென்டிமீட்டர். சுற்றியுள்ள வெள்ளை ஓரத்தை வெட்டினால் அச்சான பகுதி ஏறக்குறைய 9 × 14.5. இது 7 அங்குலத் திரையில் அச்சு அளவுக்கே பொருந்தும். அதைவிடப் பெரிய டெம்மி 1/8 என்றால் ஓரம் வெட்டியபின் முக்கால் அளவுக்கு மேல் கிடைக்கும், படிக்கலாம். வெட்டுவதற்கு கே2பிடிஎஃப்ஆப்ட் என்ற இலவசக் கருவி இருக்கிறது. அதில் உங்கள் கருவியின் மாதிரியைத் தேர்ந்து, 'ஓரம் மட்டும் வெட்டு' என்ற முறையைப் போடுங்கள். கோணலாக ஸ்கேன் ஆன பக்கத்தை நிமிர்த்தவும் அதில் வழி உண்டு. முதலில் பத்துப் பக்கம் மட்டும் ஓட்டிப் பாருங்கள். மூலையில் கறுப்புக் கறையோ நூலக முத்திரையோ இருந்தால் அதையும் எழுத்து என்று நினைத்து ஓரத்தை விட்டுவைத்துவிடும். அப்போது வெட்டும் எல்லையைக் கையால் கொடுக்க வேண்டும்.

ஏ4 ஸ்கேன் என்றால் அதே கருவியின் மறுஅடுக்கல் முறை உதவும். சொற்களைப் படத் துண்டுகளாக நறுக்கித் திரைக்கு ஏற்ப மறுபடி அடுக்கித் தரும். செய்யுளுக்கும் அட்டவணைக்கும் இது ஆகாது. அடி முறிந்து உரைநடையாகிவிடும். மின்னஞ்சல் தலைப்பில் 'கன்வர்ட்' என்று போட்டு அமேசானையே மாற்றச் சொல்லும் வழி தமிழ் ஸ்கேனுக்குப் பயன்படாது.

11. ஓசிஆர் பண்ணி டெக்ஸ்டா மாத்திட்டா தீந்துதே?

படத்தில் இருக்கும் எழுத்தை அடையாளம் கண்டு உரையாக்குவதுதான் ஓசிஆர். முடியும். கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸில் திறந்தாலே தமிழை எடுத்துக் கொடுக்கும். டெசரேக்ட் என்ற ஓசிஆர் மென்பொருளிலும் தமிழ் உண்டு. தெளிவான அச்சுக்கு நன்றாகவே வரும். ஆனால் துணைக்கால் ரகரமாகும், ணகரம் னகரமாகும், பக்க எண்ணும் தலைப்பும் வாக்கியத்தின் நடுவில் வந்து உட்காரும். பக்கத்துக்கு 5 நிமிடம் திருத்தினாலும் 200 பக்கத்துக்கு 16 மணி நேரத்துக்கு மேல்.

1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முந்தைய நூல் என்றால் இன்னும் கஷ்டம். லை, னை, ணை, ளை எல்லாம் தும்பிக்கை வளைத்த வடிவில் இருக்கும். ணா, றா, னா ஆகியவற்றில் கால் எழுத்தோடு பின்னிக்கிடக்கும். அங்கெல்லாம் இயந்திரம் தடுமாறும். ஒருமுறை படித்து வைக்கிற நூலுக்கு இந்தப் பாடு வேண்டாம், ஓரம் வெட்டிப் படியுங்கள். பதிப்புரிமை முடிந்த நூலாக இருந்து, திருத்திப் பொதுவில் தரப் போகிறீர்கள் என்றால் உழைக்கலாம். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு கடக்க வேண்டும், அல்லது நூல் நாட்டுடைமை ஆகியிருக்க வேண்டும்.

12. எழுத்தைப் பெருசாக்கினா வரிக்கு நடுவுல ஓட்டை ஓட்டையா இருக்கு.

தமிழ்ச் சொல்லின் நீளம்தான் காரணம். 'சொல்லிக்கொண்டிருந்தார்களென்று' என ஒரு சொல் வந்தால் 6 அங்குலத் திரையில் ஒரு வரியையே அது விழுங்கிவிடும். முந்தைய வரியில் இரண்டே சொல் மிஞ்சும். இருபுறமும் சமமாக நிரப்பும் அமைப்பில் அவற்றை இழுத்து ஓரங்களில் ஒட்டவைக்கும்போது நடுவில் பள்ளம் விழுகிறது. எழுத்து அமைப்பில் சீரமைவை இடப்பக்கம் மட்டும் என்று மாற்றுங்கள். ஓரத்தைக் குறைந்த அளவுக்குக் கொண்டுவாருங்கள். அப்படியும் போதாவிட்டால் கருவியைப் படுக்கவாட்டில் திருப்பிப் படிக்கலாம்.

13. சொல்லைத் தொட்டா அர்த்தம் வரும்னாங்க. தமிழ்ல வரலையே?

ஆங்கில நூலில் வருவதுபோல இங்கே எதிர்பார்க்க வேண்டாம். தமிழ் அகராதிக் கோப்பு ஒன்றை நீங்களே ஏற்றினாலும், அகராதியில் இருப்பது 'வீடு', நூலில் இருப்பது 'வீட்டுக்குள்ளேயிருந்து'. அடிச்சொல்லைப் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் "இல்லை" என்று கைவிரித்துவிடும். தமிழிலிருந்து ஆங்கில நூலுக்கு நகர்கிறவர்களுக்கு மட்டும் இந்த வசதி பொன்னானது.

14. கட்டுரை எழுதணும். பக்க எண் எப்படிக் குடுக்கறது?

இதில் இ-ரீடர் பலவீனமானது. எழுத்தளவை மாற்றினால் பக்கமும் மாறும். அதனால் கிண்டில் 'லொகேஷன்' என்ற எண்ணைக் காட்டும். அச்சுப் பக்க எண் இணைத்து வெளியிட்ட நூல்களில் மட்டுமே உண்மையான பக்கம் தெரியும். ஆய்வு மேற்கோளுக்கு அச்சுப் பதிப்பையோ ஸ்கேனையோ பார்த்துத்தான் ஆக வேண்டும். அடிக்கோடிட்ட பகுதிகளைத் திரட்ட மட்டும் இது சுலபம். எல்லாம் 'மை கிளிப்பிங்ஸ்' என்ற ஒரே உரைக் கோப்பில் சேர்ந்துகொண்டே வரும். கேபிள் போட்டு எடுத்துக்கொள்ளலாம்.

15. பாதி ஸ்க்ரீன் அப்படியே உறைஞ்சு நிக்குது, கோடு கோடா இருக்கு. ரீசெட் பண்ணா சரியாகுமா?

மீதிப் பாதி மாறிக்கொண்டிருக்க, ஒரு பகுதி மட்டும் உறைந்து கிளைகிளையாகக் கோடு ஓடினால் உள்ளே கண்ணாடி உடைந்திருக்கிறது. மேலே தடவிப் பார்த்தால் கீறல் இருக்காது, அதனால் நம்பக் கஷ்டமாக இருக்கும். 2-ல் சொன்ன நுண்குமிழ்கள் இருக்கும் மின்மைப் (இ-இங்க்) படலத்துக்கு அடியில் இருக்கும் மெல்லிய கண்ணாடித் தகடுதான் உடைவது. கீழே விழுந்துதான் உடைய வேண்டும் என்பதில்லை. பையில் டிபன் பாக்ஸுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் நடுவே வைத்து, பேருந்துக் கூட்டத்தில் நசுங்கினாலே போதும். திரையை மாற்றும் செலவு புதிய கருவியின் விலையை நெருங்கும். கெட்டியான மூடி போட்ட உறையில், புத்தகத்தோடு ஒட்டி நிறுத்திவைத்து எடுத்துச் செல்லுங்கள்.

16. மழையில நனைஞ்சா? கார்ல வெச்சுட்டுப் போனா?

நீர் தாங்கும் தரத்தைக் குறிக்கும் ஐபிஎக்ஸ்8 என்று போட்டிருந்தால் நல்ல தண்ணீரில் 2 மீட்டர் ஆழத்தில் ஒரு மணி நேரம் தாங்கும். கடல்நீர் என்றால் பேப்பர்வைட்டுக்குச் சொல்லியிருப்பது கால் மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம்தான். நனைந்தால் துளை முழுக்கக் காயும் வரை சார்ஜ் போடாதீர்கள். எல்லா மாதிரிக்கும் இந்தத் தரம் கிடையாது. மலிவான அடிப்படைக் கிண்டிலுக்கு இல்லை.

நம் ஊர் வெயில்தான் பெரிய எதிரி. கிண்டிலுக்குச் சொன்ன இயங்கும் வெப்பம் 35 டிகிரி வரை. கத்திரி வெயிலில் சாத்திய கார் அதை அரை மணியில் தாண்டிவிடும். முதலில் அடிவாங்குவது பேட்டரி. திரையை உலர்ந்த மென்துணியால் துடைத்தால் போதும், கண்ணாடி துடைக்கிற திரவம் வேண்டாம். பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டே பக்கம் திருப்புவது அவரவர் விருப்பம்.

17. காசு குடுத்து வாங்கின புத்தகம், எனக்குத்தானே சொந்தம்?

நீங்கள் வாங்குவது படிக்கும் உரிமத்தை. நண்பருக்கு இரவல் தர முடியாது, பழைய புத்தகக் கடையில் போட முடியாது. 2009-ல் உரிமையில்லாமல் விற்பனைக்கு வந்த இரண்டு நூல்களின் பிரதிகளை அமேசான் வாசகர்களின் கருவிக்குள்ளேயே அழித்துப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2025 பிப்ரவரி 26 முதல், வாங்கிய நூலைக் கணினியில் இறக்கிக் கேபிள் வழியே ஏற்றுகிற வசதியையும் எடுத்துவிட்டார்கள்.

திரும்பத் திரும்பப் படிக்கிற, பிள்ளைகளுக்கு விட்டுப்போக விரும்புகிற நூலை அச்சில் வாங்குங்கள். ஒருமுறை படித்தால் போதும் என்பதை மின்னூலாக வாங்குங்கள். 6-ல் சொன்ன இலவச நூல்களுக்குப் பூட்டு கிடையாது. இபப் பிரதியைக் கணினியில் வைத்துக்கொண்டால் எந்தக் கருவிக்கும் போகலாம்.

18. செகண்ட் ஹேண்ட்ல குறைச்ச விலைக்கு வருதே, வாங்கலாமா?

பழைய உரிமையாளரின் கணக்கிலிருந்து கருவி நீக்கப்பட்டிருக்கிறதா என்பதுதான் முதல் சோதனை. அவர் எதிரிலேயே உங்கள் கணக்கில் பதிந்து பாருங்கள். திருட்டுப்போனதாகப் புகாரான கருவி பதிவாகாது. பிறகு முழு வெள்ளைப் பக்கத்தில் கோடு இருக்கிறதா, விளக்கை ஏற்றினால் திட்டுத் திட்டாக இருக்கிறதா, பத்து நிமிடம் படிப்பதற்குள் சார்ஜ் சரசரவென்று இறங்குகிறதா என்று பாருங்கள்.

19. அப்பாவுக்கு வாங்கித் தரலாம்னு இருக்கேன். அவருக்கு இங்கிலீஷ் வராது, சமாளிப்பாரா?

மெனு ஆங்கிலத்தில்தான் இருக்கும், ஆனால் படிப்பதற்கு மெனு தேவையில்லை. கையில் கொடுக்கும்முன் எல்லாவற்றையும் நீங்களே செய்துவிடுங்கள். அவர் கேட்கக்கூடிய பத்து நூலை ஏற்றித் திறந்து பாருங்கள், 9-ல் சொன்ன கிறுக்கல் எதிலாவது இருக்கிறதா என்று. ஸ்கேன் நூல் ஒன்றுகூட வேண்டாம். எழுத்தளவை அவரை எதிரில் உட்காரவைத்து, கண்ணாடி போட்டும் போடாமலும் காட்டிக் கேட்டு வையுங்கள். சீரமைவை 12-ல் சொன்னபடி மாற்றுங்கள். வைஃபையை அணைத்துவிட்டால் கடையின் விளம்பரப் படங்கள் குறையும், தவறுதலாக எதையும் வாங்கவும் மாட்டார்.

சொல்லித்தர வேண்டியது மூன்று. வலப்பக்கம் தொட்டால் அடுத்த பக்கம், இடது ஓரம் தொட்டால் முந்தைய பக்கம், மேலே தொட்டால் வெளியே வர வழி. பெரியவர்கள் தொடும்போது விரலை அழுத்தி ஊன்றிவிடுவார்கள். கருவி அதைச் சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதாக எடுத்துக்கொண்டு ஒரு பெட்டியைத் திறக்கும். "தட்டுங்க, அமுக்காதீங்க" என்று நாலு தடவை சொல்ல வேண்டிவரும்.